எதிர்வண்டி இல்லாத லைனில் இன்ஜின் பாய்

காலை ஒன்பது பன்னிரண்டுக்கு என் போன் அடித்தது. மகளின் எண். எடுத்தால் மகளின் குரல் இல்லை. யாரோ ஒரு ஆள் மூச்சு வாங்கியபடி, "சார், இந்த போன்ல அப்பான்னு போட்டுக்கீது. அது நீங்கதானா?" என்று கேட்டார்.

அப்போது நான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கைவிடப்பட்ட ஒரு உப்பளத்தின் நடுவில், இரண்டே அடி அகலமுள்ள ரயில் பாதை ஒன்றின் மேல் நின்றுகொண்டிருந்தேன். என் தோள்பையில் தயிர்சாதம் இருந்தது. பக்கத்தில் சாத்துக்குடி அளவில் ஒரு இரும்பு உருண்டை இருந்தது. அந்த உருண்டை அன்று என் பையில் இருந்துவிட்டதால் ஒரு ரயில் செத்துப்போனது. எப்படி என்று சொல்ல வேண்டுமானால் முதலில் இன்ஜின் பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எதிரே வரும் வண்டிக்காகத் தன் வண்டியை நிறுத்தாத ரயில் டிரைவர் கிடையாது. எதிரே வருவதற்கு வண்டியே இல்லாத லைனில் எதிர்வண்டிக்காக நிறுத்திய டிரைவர் உலகத்தில் ஒருவர்தான். அவர்தான் இன்ஜின் பாய்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். செங்கல்பட்டு ஜங்ஷனில் கரி இன்ஜின் ஓடிய காலத்தில் அடுப்பில் கரி தள்ளும் பயர்மேனாக வேலைக்குச் சேர்ந்து, டிரைவராகி, கடைசியில் மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மின்சார ரயிலைப் பற்றிக் கேட்டால், "அது ரயிலாபா? பெரிய மிக்ஸி" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எங்கள் ரயில் ஒரு பழைய உப்புக் கம்பெனியுடையது. உப்பளத்திலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய்ப் படகுத்துறை வரை மூட்டை ஏற்றிப் போக அவர்கள் போட்ட பாதை. நீளம் ஒன்றேகால் கிலோமீட்டர். கம்பெனி மூடிய பின் அந்தக் குட்டி நீராவி இன்ஜின் வேலிகாத்தான் புதருக்குள் பல வருடம் கிடந்தது. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரும் ரயில் பித்துப் பிடித்த அரை டஜன் பேரும் குழு அமைத்து அதை வெளியே இழுத்தார்கள். இழுத்த பிறகுதான் யாருக்கும் அதை ஓட்டத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. செங்கல்பட்டில் விசாரித்து பாயைக் கூட்டி வந்தார்கள். அதன்பிறகு ஞாயிறுதோறும் ரயில் ஓடியது. மூன்று பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு பேர். கடற்கரைக் கோயில் பார்க்க வந்தவர்கள் குழந்தைகளோடு வந்து ஏறுவார்கள்.

ஒருமுறை டிவிக்காரர்கள் வந்தார்கள். "பாய், இந்த இன்ஜின் உங்களுக்கு அம்மா மாதிரியா, மக மாதிரியா?" என்று மைக்கை நீட்டினார் ஒரு பெண். பாய் நன்றாக யோசித்துவிட்டு, "இரும்பு மாதிரிமா" என்றார். அந்தப் பேட்டி வரவேயில்லை.

இரும்பு என்று சொல்லிவிட்டாரே தவிர, அதற்கு ஊற்றும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் விட மாட்டார். கடலோரத்துக் கிணற்றில் உப்பு. உப்புத் தண்ணீர் பாய்லருக்கு ஆகாது. வாரத்துக்கு ஒரு டேங்கர் லாரி கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்ப் பக்கத்திலிருந்து வரும். பாய் ஒரு மடக்கு வாயில் விட்டு, கண்ணை மூடி, கன்னத்துக்குள் இப்படியும் அப்படியும் புரட்டித் துப்புவார்.

"திருப்பு லாரிய. இத்த ஊத்துனா வாந்தி எடுக்கும்."

"பாய், இந்தத் தண்ணியத்தான் ஊரே குடிக்குது" என்பார் லாரிக்காரர்.

"ஊருக்கு பாய்லரு கீதா?"

லாரி திரும்பிப் போகும். பாய் அதே லாரியில் பிடித்து வைத்த ஒரு குடத்துத் தண்ணீரில் டீ போட்டுக் குடித்துக்கொண்டிருப்பார்.

இப்போது அந்த இரும்பு உருண்டைக்கு வருகிறேன். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் முட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தக் காலத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. பாதைக்கு ஒரே ஒரு டோக்கன். அது யார் கையில் இருக்கிறதோ அவர் வண்டிதான் போகலாம். மற்றவர் யாராக இருந்தாலும் நிற்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதைத் தோல் பையில் போட்டுப் பிரம்பு வளையத்தில் கட்டி நீட்டுவார். ஓடும் வண்டியிலிருந்து பயர்மேன் கையை விட்டு வாங்குவார். அப்படி வாங்கி வாங்கி பாயின் இடது புஜத்தில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

எங்கள் லைனுக்கும் டோக்கன் வேண்டும் என்று பாய் ஒற்றைக் காலில் நின்றார். செங்கல்பட்டு லேத் பட்டறையில் தானே ஒரு உருண்டை கடைந்து வாங்கி வந்தார். பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாய், நம்மகிட்ட இருக்கறது ஒரே இன்ஜின். இந்த அகலத்துல ஓடுற வேற வண்டி இந்த ஜில்லாவிலயே இல்ல. எது எதிர்ல வரப் போகுது?"

"வராத வரைக்கும் சரி சார். வந்துட்சின்னா?"

"எங்கிருந்து வரும்?"

"அத்த விசாரணை கமிட்டி கண்டுபுடிக்கும் சார். நீங்களும் நானும் அப்ப இருக்க மாட்டோம்."

டோக்கன் வந்துவிட்டது. அதைக் கொடுக்க ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டுமே. அந்த நேரத்தில்தான் நான் போய் மாட்டினேன்.

என் மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது. சும்மா ரயில் பார்க்க அழைத்துப் போனேன். தாலுகா அலுவலகத்தில் வேலை செய்கிறவன் நான். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட மாட்டேன். பாய்லர் வெடிக்குமா, கதவுக் கொக்கி பிடிக்குமா, வளைவில் சாயுமா, பொறி பறந்து கவுனில் விழுமா என்று பதினோரு கேள்வி கேட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். யாழினி வெட்கத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பாய் இன்ஜினிலிருந்து இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னா வேல பாக்குற நைனா?"

சொன்னேன்.

"ஞாயித்துக்கெயம லீவுதான? எஸ்ஸெம்மா, ஸ்டேஷன் மாஸ்டரா வந்துடு."

"எனக்கு ரயிலைப் பத்தி ஒண்ணும் தெரியாது பாய். நான் பயந்த ஆள்."

"பயம் கீற ஆளுதான் எஸ்ஸெம்முக்கு லாயக்கு. தைரியசாலிங்கள நான் நெறய பாத்துக்கீறேன். எல்லாம் செவுத்துல போட்டோவா தொங்கறாங்க."

பச்சைக் கொடியை யாழினி கையிலும் சிவப்புக் கொடியை என் கையிலும் கொடுத்தார். பதினோரு வருடம் ஓடிவிட்டது.

என் வேலை இதுதான். வண்டி புறப்படும் முன் டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு லைன் முழுக்க நடந்து போய்த் திரும்ப வேண்டும். டோக்கன் என்னிடம் இருக்கும் வரை வண்டி நகராது. அதனால் நான் நடக்கும்போது என் மேல் ஏறாது. வழியில் ஆடுகளை ஓட்ட வேண்டும். தண்டவாளத்துக்கு நடுவில் நட்ட கிரிக்கெட் ஸ்டம்புகளைப் பிடுங்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை அஞ்சலையைக் கிளப்புவது. மீன் காயவைக்கிற அம்மா. இரும்புச் சூட்டில் சீக்கிரம் காயும் என்று தண்டவாளத்து மேலேயே நெத்திலியைப் பரப்பி வைத்திருப்பார்.

"எம்மா, ரயில் வரப் போவுதும்மா."

"வரட்டும். இன்னும் ஒரு பக்கம் திருப்பல."

"மீனையா?"

"பின்ன, ஒன்னியா?"

திருப்பி முடிக்கும் வரை நிற்பேன். கால் மணி நேரம் கழித்துப் போய் டோக்கனைக் கொடுத்தால் பாய் திட்ட மாட்டார். நீளமான ரிஜிஸ்டரை எடுத்து, கண்ணாடி போட்டு, எழுதுவார்: வண்டி பதினாறு நிமிடம் தாமதம். காரணம்: நெத்திலி. ரிஜிஸ்டரில் ஒரு பொய் இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஒரு வாரம், "காரணம்: டிரைவருக்கு வயிறு சரியில்லை" என்றுகூட எழுதியிருக்கிறார்.

ஒருமுறை உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் இருபது பேரோடு வந்து, முதல் பெட்டியில் உட்கார்ந்து, "எடுய்யா வண்டிய" என்றார். நான் அப்போது லைனில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"டோக்கன் வர்ல சார்" என்றார் பாய்.

"நான் யார்னு தெரியுதா?"

"தெரியிது சார். டோக்கன் இல்லாத ஆளு."

அவர் கோபமாக இறங்கிப் போனார். ரிஜிஸ்டரில் அன்றைக்குத் தாமதம் எதுவும் இல்லை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யாழினி வீட்டை விட்டுக் கிளம்பினால் போன் செய்வேன், போய்ச் சேரும் நேரத்தில் செய்வேன், நடுவிலும் செய்வேன். பாய் இதற்கு ஒரு பேர் வைத்திருந்தார். நான் போனைக் காதில் வைத்ததும், வண்டியில் இருப்பவர்களைப் பார்த்து, "எல்லாரும் கம்முனு குந்துங்க. ஸ்டேஷன் மாஸ்டரு பொண்ணுக்கு லைன் கிளியர் கேக்கறாரு" என்பார். பேசி முடித்ததும் இன்ஜினிலிருந்தே சத்தம் போட்டுக் கேட்பார்: "பாப்பா ரீச் ஆய்ட்சா?" ஆகிவிட்டது என்று நான் தலையாட்டினால்தான் விசில் அடிப்பார்.

அவள் கல்லூரியில் சேர்ந்ததும் ஸ்கூட்டர் கேட்டாள். நான் முடியாது என்றேன். மூன்று மாதம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு ஞாயிறு அவளே வந்து பாயிடம் முறையிட்டாள்.

"வாங்கிக் குடுபா" என்றார் பாய். "ஷெட்லயே நிக்கிற வண்டி துருப்புடிக்கும்."

வாங்கிக் கொடுத்தேன்.

இதெல்லாம் போன வருடம் வரை. ரயில் ஓடிய நிலம் அரசு நிலம். குழுவுக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார்கள். குத்தகை முடிந்தது. அந்த இடத்தின் மேல் வேறு சிலருக்கும் கண் இருந்தது. பேராசிரியர் இரண்டு வருடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, மூன்று அதிகாரிகளை நேரில் வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்தார். ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு வண்டி புறப்பட்டு, ஒழுங்காகப் போய்த் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். ஓடினால் இன்னும் பத்து வருடம் குத்தகை. ஓடாவிட்டால் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு இன்ஜினை ஒரு பூங்காவில் பீடம் கட்டி நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டும். மறுபடி வர மாட்டார்கள்.

பாய் அன்று பழைய காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். தண்ணீரை மூன்று முறை ருசி பார்த்தாராம். நான் டோக்கனோடு கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "நைனா, இன்னிக்கி ஒயுங்கா பாத்து நட. ஆட்டக்கூட மரியாதயா பேசி அனுப்பு."

உப்பளம் பக்கத்து முனையை நெருங்கும்போது போன் அடித்தது.

"திருக்கழுக்குன்றம் ரோட்ல சார். ஸ்கூட்டி மணல்ல வயிக்கிக்கினு போய் கல்லுல மோதிட்சி. பேச்சு மூச்சு இல்ல. ஆம்புலன்ஸ் வந்துகினு கீது. செங்கல்பட்டுக்கு இட்டுகினு போறாங்களாம். நீங்க நேரா அங்க வந்துடுங்க."

எனக்கு அதன்பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. உப்பு வரப்பின் மேல் ஓடினேன். செருப்பு ஒன்று சேற்றில் போய்விட்டது. அஞ்சலை மீன் கூடையோடு நிமிர்ந்து, "இன்னாய்யா, எங்க ஓடற?" என்று கத்தினார். ரோட்டில் ஐஸ் பெட்டி கட்டிய பைக் ஒன்று வந்தது. கையைக் காட்டி ஏறிக்கொண்டேன். பை தோளிலேயே இருந்தது. வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் உருண்டை விலாவில் இடித்தது. அது என்னவென்று எனக்கு உறைக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளை ஸ்கேனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். என் மனைவி வந்து சேர்ந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. பாய். பேராசிரியர். பாய். பேராசிரியர். நான் எடுக்கவில்லை. யார் என்று தெரிந்துதான் எடுக்கவில்லை. இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சலோடு போனைக் கவிழ்த்து வைத்தேன். பதினொரு மணிக்கு அது தானாகவே அணைந்தது. ஒரு வார்த்தை போதும். முக்கால்வாசி லைன் பார்த்துவிட்டேன், ஆடு கூட இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள் பாய். சொல்ல ஐந்து விநாடி ஆகியிருக்கும். இந்த ஐந்து விநாடியை ஒரு வருடமாக இரவும் பகலும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வண்டி நின்றிருந்த படகுத்துறையில் நடந்ததைப் பேராசிரியரும் அஞ்சலையும் பிறகு சொன்னார்கள்.

ஒன்பது ஐம்பதுக்கு பாய் என்னைக் கூப்பிட விசில் அடித்தார். பத்துக்கு அடித்தார். அதிகாரிகள் மூவரும் முதல் பெட்டியில் உட்கார்ந்து கைக்கடிகாரம் பார்த்தார்கள். விசில் மேல் விசில் கேட்டு, பத்தே காலுக்கு அஞ்சலை வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

"பாய்! அந்தாளு ரோட்டுப் பக்கமா ஓடிட்டாருய்யா. பொண்ணு பொண்ணுன்னு போன்ல கத்திகினே ஓடுச்சி. ஒரு கால்ல செருப்பில்ல."

பாய் வண்டியை நகர்த்தும் கைப்பிடியின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார்.

"அப்ப லைன் காலியாதானே இருக்கு? எடுங்க பாய்" என்றார் பேராசிரியர்.

"டோக்கன் அவர்கிட்ட கீது சார்."

"அவரே போய்ட்டாரேய்யா!"

"அதான் சார்."

அதிகாரிகளில் ஒருவர் இறங்கி வந்தார். நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. "பெரியவரே, வேணும்னா நானே முன்னால கொடி புடிச்சு நடக்கறேன், பின்னாடியே மெதுவா ஓட்டிட்டு வாங்க" என்று சொல்லிப் பார்த்தார். பாய் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார், அசையவில்லை. அஞ்சலை தானே முழு லைனும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஒரு குஞ்சு இல்ல பாய். என் மீனக்கூட வாரிட்டேன். அல்லாமேல சத்தியமா சொல்றேன், எடுய்யா!" அம்மன் மேலேயே சத்தியம் செய்யாதவர் அஞ்சலை. பேராசிரியர் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். "ரெண்டு வருஷம் நாயா அலைஞ்சேன் பாய். உங்களுக்காகத்தான்."

"தெரியும் சார்" என்றாராம்.

இரண்டு மணி நேரம் இன்ஜின் முழு நீராவியோடு நின்றது. தாங்காத நீராவி மேல் வால்வு வழியாகச் சீறி வெளியே போய்க்கொண்டே இருந்தது. அன்று லைனில் ஒன்றுமே இல்லை. மாடு இல்லை, ஆள் இல்லை, மீன் இல்லை. வெறும் தண்டவாளம் வெயிலில் கிடந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு அதிகாரிகள் ஜீப்பில் ஏறினார்கள். பாய் ரிஜிஸ்டரை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதினார்: வண்டி புறப்படவில்லை. காரணம்: லைனில் வேறு வண்டி.

அதிகாரி ஒருவர் எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். அறிக்கையில், டிரைவர் முதுமையால் மனநிலை தடுமாறியவர், இவரை நம்பிப் பொதுமக்களை ஏற்ற முடியாது என்று எழுதினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே இன்ஜின் உள்ள லைனில் வேறு வண்டி வந்தது என்று ஒருவர் எழுதினால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

யாழினி பிழைத்துவிட்டாள். அன்று இரவு பத்து மணிக்குக் கண் விழித்தாள். தோள் எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். இப்போதும் இடது கையை முழுசாகத் தூக்க முடியாது. ஸ்கூட்டரை நான் விற்கப் போனேன்; விடவில்லை. மறுபடி ஓட்டுகிறாள். அவள் தெருமுனை தாண்டியதும் நான் இன்றும் போனைக் கையில் எடுக்கிறேன்.

இன்ஜின் பூங்காவில் நிற்கிறது. நீல பெயின்ட். அடுப்புக்குள் சிவப்பு பல்பு. குழந்தைகள் கல் போடாமல் இருக்கப் புகைபோக்கியை சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். பாயை ஒரே ஒரு முறை அங்கே அழைத்துப் போனேன். சக்கரத்தைக் குனிந்து பார்த்தார், அச்சை விரலால் தடவி முகர்ந்து பார்த்தார். அண்ணாந்து சிமென்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குழந்தை, "தாத்தா, இது ஓடுமா?" என்று கேட்டது. "இரும்பு கண்ணு அது. நிக்கும்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் செங்கல்பட்டில் மௌத்தாகிவிட்டார். விடிகாலை பஜ்ரு தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்குப் போயிருந்தேன். கூடியிருந்தவர்களில் பழைய ரயில்வேக்காரர் ஒருவர், "நல்ல மன்சன். கடசில கொஞ்சம் புத்தி பேஜாராயிட்சி, பாவம். இல்லாத வண்டிய இருக்குதுன்னு எயுதி வச்சிட்டாரு" என்றார். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நான் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். ரிஜிஸ்டரில் பாய் பொய் எழுதவில்லை. அந்த வண்டி இருந்தது.

அன்று மாலை ஐந்தே கால். யாழினி இன்னும் கண் திறக்கவில்லை. நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் ஏதோ சலசலப்பு. யாரோ ஒரு அம்மா, "ஐயோ, யாராச்சும் புடிங்களேன்! பெரியவரு உடம்பெல்லாம் தீஞ்சிபோய் நடந்து வராரு!" என்று கூச்சல் போட்டுக்கொண்டு தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். "தீயல தாயி, கரி. வெறும் கரி" என்று அவரிடம் மன்றாடியபடி வந்துகொண்டிருந்தார் பாய். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை முழுக்கச் சாம்பல். வண்டி ஓடாவிட்டாலும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வர முடியாதே. நெருப்பை இறக்கி, சாம்பல் வாரி, பாய்லர் ஆறும் வரை காத்திருந்து, எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, யாழினியின் எண்ணுக்குப் போட்டு எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கருப்பு முகத்தில் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பாப்பா?"

"இன்னும் முழிக்கல பாய்."

அவரைப் பார்த்த பிறகுதான் எனக்கு நாள், கிழமை, பத்து மணி எல்லாம் ஞாபகம் வந்தது. பையில் கையை விட்டேன். உருண்டை தயிர்சாத டப்பாவை நசுக்கியிருந்தது. இரண்டு கையாலும் எடுத்து நீட்டினேன். "என்னால எல்லாம் போச்சு பாய்" என்றேன்.

பாய் அதை வாங்கவில்லை. என் கையோடு சேர்த்து அதைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்து, ஜிப்பை மூடினார்.

"இன்னா பேசற நைனா. டோக்கன் உன் கைல கீது. உன் வண்டி லைன்ல போய்க்கினு கீது. நான் எப்டி எடுப்பேன்?" என்றார். பிறகு பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, உள்ளே போகும் கதவைப் பார்த்தபடி சொன்னார்:

"பாப்பா ரீச் ஆவட்டும். அது வரிக்கும் நான் நிக்கிறேன்."